பறைக்கும் நம் மேடையில் இடம் வேண்டும்

மும்பைத் தமிழர்களிடம் ‘நம் இசை எது?’ என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, சண்முகானந்தா அரங்கிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலும் கேட்கிற கர்நாடக சங்கீதம். மற்றொன்று திரைப்படப் பாடல். நம் சங்கங்களின் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. இறை வணக்கம், குழந்தைகளின் பரதநாட்டியம், பட்டிமன்றம், நிறைவாக மெல்லிசைக் குழு. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவதாக ஓர் இசை உண்டு. மாட்டுங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தாராவியில் அது இருக்கிறது. நம் மேடைக்கு மட்டும் அது வருவதில்லை. ஏன் வரவில்லை, ஏன் வர வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அதற்குக் காரணமாக அமைந்தது, சென்னையில் தோன்றிய ஒரு ராக் இசைக் குழுவின் முதல் பாடல்கள்.

அந்தக் குழுவின் பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017இல் இளம் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து இதை உருவாக்கினார்கள். குழுவில் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை அடிப்பவர்கள், சட்டியும் கட்டமோளமும் வாசிப்பவர்கள் ஒரு பக்கம். மின்கிதாரும் டிரம்ஸும் வாசிப்பவர்கள் மறு பக்கம். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் முதல் கச்சேரி நடந்தது. அன்று பாடியவை காதல் பாட்டுகள் அல்ல. இட ஒதுக்கீடு ஏன் வந்தது என்பதற்கு ஒரு பாட்டு. அண்ணல் அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு. வடசென்னை வாழ்க்கையைப் பற்றி ஒரு பாட்டு. கேட்பதற்குத் துள்ளலாக இருக்கும். சொல்லும் செய்தியோ சுடும்.

குழுவின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேர் தமிழில்தான் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தம் மக்களைச் ‘சாதியில்லாத தமிழர்’ என்று அழைத்தார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற இதழைத் தொடங்கி நடத்திய அறிஞர் அவர். அவருடைய சொல்லைத்தான் நூறாண்டுகளுக்குப் பின் இந்த இளைஞர்கள் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள்.

இந்தியாவில் ராக் இசை நெடுங்காலம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. கல்லூரி விழாக்களில் பாடிய குழுக்கள் லண்டனையும் நியூயார்க்கையும் பார்த்துப் பாடின. கேரளத்து ‘அவியல்’ குழு 2008இல் தன் முதல் தொகுப்பை முழுக்க மலையாளத்திலேயே வெளியிட்டபோது, தாய்மொழியிலும் இது முடியும் என்று பலருக்கு நம்பிக்கை வந்தது. அந்தப் பெயரே நம் வீட்டுச் சமையலறைக்குச் சொந்தமானது அல்லவா! சென்னைக் குழு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. மொழியோடு, அந்த மொழிக்குள் ஒதுக்கி வைக்கப்பட்ட பேச்சையும் வாத்தியத்தையும் மேடை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது.

அதன் விளைவுகளை எண்ணிப் பாருங்கள். குழுவின் ஒரே பெண் பாடகியான இசைவாணியை 2020இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில் ஒரு பெண் பெயர் பெற்றது சிறிய செய்தியா? குழுவில் எழுதிப் பாடிய அறிவு, 2021இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலால் உலகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமானார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் கதையை அதில் அவர் சொன்னார். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றால் சபா கச்சேரி மட்டும்தானா என்ற கேள்விக்கு அது ஒரு விடை.

இனி நம் ஊருக்கு வருவோம். தாராவியில் தமிழர் குடியேற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நிறையப் பேர். பதனிடும் ஆலைகள் பெரும்பாலும் போய்விட்டன. தோல் பொருள் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. தை முதல் நாளில் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற காட்சியைக் காண வேண்டுமானால் இன்றும் தாராவிக்குத்தான் போக வேண்டும். 2018 ஜூன் 7இல் வெளிவந்த ரஞ்சித்தின் ‘காலா’ இந்த மக்களைப் பற்றிய படம்தான். அதன் பாடல்களில் தாராவியின் ‘டோப்அடெலிக்ஸ்’ ராப் குழு இளைஞர்களும் பாடியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் அந்தப் பாட்டுகள் ஒலித்தன. ஆனால் அந்த இளைஞர்களை எத்தனை தமிழ்ச் சங்கங்கள் விழாவுக்கு அழைத்தன?

இந்த யோசனைக்கு மறுப்புகள் வரும் என்பது தெரியும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மறுப்பு: ‘கலைவிழாவில் அரசியல் எதற்கு?’ நம் பக்கத்து வீட்டு மராத்தியரைப் பாருங்கள். அண்ணாபாவ் சாட்டேயும் அமர் ஷேக்கும் 1944இல் ‘லால் பாவ்டா’ கலைக்குழுவைத் தொடங்கித் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகவும் தமாஷாவாகவும் ஊர் ஊராக எடுத்துச் சென்றார்கள். வாமன்தாதா கர்டக் பாபாசாகேப் மீது பாடிய பாடல்கள் எண்ணற்றவை. டிசம்பர் 6ஆம் தேதி தாதர் சைத்யபூமிப் பக்கம் போகிறவர்கள் காதில் இன்றும் பீம் கீதங்கள் விழும். மராத்தியர் அவற்றைத் தங்கள் இலக்கியத்தின் ஒரு பகுதியாகவே கொண்டாடுகிறார்கள். இதையெல்லாம் பல ஆண்டுகளாகக் கேட்டு வாழ்கிற நமக்கு, தமிழில் அப்படி ஒரு பாட்டு வந்தால் மட்டும் கூச்சம் ஏன்?

இரண்டாவது மறுப்பு: ‘பிழைக்க வந்த இடத்தில் நாம் எல்லோரும் தமிழர். இங்கே சாதிப் பேச்சு எதற்கு?’ கேட்க நன்றாக இருக்கிறது. 1966இல் சிவசேனை தொடங்கியபின் ‘மதராசி’ என்று நம்மை விரட்ட நினைத்தவர்கள் யார் என்ன சாதி என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. அடி எல்லோருக்கும் பொதுவாகவே விழுந்தது. ஆனால் வரன் தேடும்போது நாம் பொதுவாகத் தேடுகிறோமா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ளவர்கள் தாராவிக்கு எத்தனை முறை விருந்துக்குப் போயிருக்கிறோம்? நாம் பேசாமல் இருப்பதால் சாதி இல்லாமல் போய்விடவில்லை. ‘சாதியில்லாத’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் சாதியைப் பற்றியே பாடுவது இதனால்தான். நோய் இல்லை என்று சொல்லிக்கொண்டே மருந்து சாப்பிட முடியாது.

மூன்றாவது மறுப்பு மற்ற இரண்டையும்விடக் கனமானது. அது தாராவிப் பெரியவர்களிடமிருந்தே வருகிறது. ‘ஊரில் எங்கள் அப்பனையும் பாட்டனையும் சாவு வீட்டில் பறை அடிக்கக் கட்டாயப்படுத்தினார்கள். அந்த இழிவு வேண்டாம் என்றுதான் பம்பாய்க்கு ரயில் ஏறினோம். அதையே மேடையில் ஏற்றி எங்கள் பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கிறீர்களா?’ என்பது அவர்கள் கேள்வி. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் பறையைக் கீழே வைத்ததே ஒரு போராட்டமாக நடந்திருக்கிறது. வேண்டாம் என்கிறவரின் கையில் பறையைத் திணிக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் ஒன்றை மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன். இழிவு அந்தத் தோலிலும் மரச் சட்டத்திலும் இல்லை, கட்டாயத்தில்தான் இருந்தது. ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்குகிற தொல்காப்பியம் பறையையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. போருக்கும் விழாவுக்கும் அறிவிப்புக்கும் ஒலித்த வாத்தியம் அது. சாவு வீட்டுக்கு மட்டும் உரியதாக அதைச் சுருக்கியது பிற்காலச் சமுதாயம். ஒருவன் தானே விரும்பிக் கற்று, தன் பெயர் அழைப்பிதழில் அச்சாக, பேசிய சன்மானத்தைக் கையில் வாங்கி, எல்லோரும் உட்கார்ந்து கேட்கிற மேடையில் அடிக்கும்போது, அது தாத்தா அடித்த அதே பறை அல்ல. அந்தக் கச்சேரியில் மின்கிதாருக்குச் சமமாகப் பறை நின்றது என்பதே அந்தப் பெரியவர்களுக்கு நாம் காட்டக்கூடிய சான்று. அதைப் பார்த்த பிறகும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அந்த முடிவும் அவர்களுடையதே.

நம் பிள்ளைகளின் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் பாட்டியோடு பேசுகிற மொழி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தங்கள் வயதுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த தாளத்தில், தங்கள் கோபத்தைத் தமிழில் பாடுவதைக் கேட்கும்போது அந்த எண்ணம் மாறும். கானாவின் மொழி கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கலாம். துக்க வீட்டில் இரவெல்லாம் கண்விழித்துப் பாடி வளர்ந்த மொழி அது. அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பிள்ளை அப்பாவிடம் வந்தால், அன்று வீட்டில் ஒரு தமிழ் வகுப்பு நடந்ததாகவே கொள்ளலாம்.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. அடுத்த ஆண்டு விழாவில் தாராவி இளைஞர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் அல்ல, மாலை ஏழு மணிக்கு. மெல்லிசைக் குழுவுக்குத் தருகிற அளவுக்கே சன்மானம் தாருங்கள். அழைப்பிதழில் ‘மற்றும் பலர்’ என்று போடாமல் பெயர்களை அச்சிடுங்கள். என்ன பாட வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சியையாவது தாராவியிலேயே நடத்துங்கள். மாட்டுங்காக்காரர்களும் செம்பூர்க்காரர்களும் குடும்பத்தோடு அங்கே போகட்டும்.

2022இல் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்த மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவியின் தெருக்களே மாறப்போகின்றன. யாருக்கு அங்கேயே வீடு கிடைக்கும், யார் எங்கே அனுப்பப்படுவார்கள் என்ற கவலையில் நம் மக்கள் இருக்கிறார்கள். குடும்பங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்த பிறகு, அங்கே ஒலிக்கும் பாட்டைத் தேடிப் போக முடியாது. அதற்கு முன்பே நம் மேடையின் கதவைத் திறப்போமாக.