வழிப்பிரயாணத்திற்கு ஏற்ற வாயுக்கலம்

புதுவை நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பரந்து கிடக்கும் பெரிய மார்க்கெட்டிற்கு, விடுமுறைக் காலங்களில் யாத்திரை புறப்படும் குடும்பத்தார் பலர் சாமான் வாங்க வருவதுண்டு. வேளாங்கண்ணிக்கோ உதகைக்கோ வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, வழியிலேயே சமைத்துண்ண எண்ணுவோர் அவர். அரிசியை உள்ளங்கையில் இட்டுத் தேய்த்துப் பார்ப்பர். புளியில் கொட்டை அதிகம் என்று கடைக்காரரோடு வாதிடுவர். ஆயின், அவ்வரிசியை வேகவைக்கவேண்டிய வாயுக்கலத்தைப்பற்றி ஒரு கணமும் சிந்தியாது, வீட்டு அடுக்களையிலுள்ள சிவப்புச் சிலிண்டரையே தூக்கி வண்டியிற் போட்டுக்கொண்டு புறப்படுகின்றனர். இவ்வழக்கம் விட்டொழியத்தக்கது என்பதே என் கருத்து.

மேனாட்டில் கேரவன் என்னும் வீட்டுவண்டியிற் பிரயாணம் செய்வோர், வாயுக்கலம் வாங்குமுன், உள்ளிருப்பது பியூட்டேனா புரோபேனா என்று ஆராய்ந்தே வாங்குவர். இரண்டும் அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டுக் கலத்துள் அடைக்கப்பட்டவை. திரவம் கொதித்து ஆவியானால்தான் அடுப்பு எரியும். பியூட்டேன் கொதிப்பது நீர் உறையும் நிலைக்கு அரைப்பாகை அளவே கீழே. புரோபேனோ உறைநிலைக்கு 42 பாகை கீழேயே கொதித்துவிடும். ஆகையால் பனிக்காலத்தில் பியூட்டேன் கலம் நிறைந்திருந்தும் அடுப்பு அணைந்துபோம். புரோபேன் எரிந்துகொண்டே இருக்கும். பிரான்சிலுள்ள நம் புதுவை உறவினரைக் கேட்டால், பெரிய புரோபேன் கலத்தை வீட்டிற்கு வெளியேதான் வைக்கவேண்டும் என்று அந்நாட்டு விதி இருப்பதைச் சொல்லுவர். காரணம் அதன் அழுத்தமே. 40 பாகை வெப்பத்தில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு. புரோபேனின் அழுத்தம் 13 மடங்கிற்கும் மேல். சித்திரை வெயிலில் நிற்கும் நம் வண்டிக்குள் 40 பாகை என்பது மிகையன்று.

நம் நாட்டு அடுக்களைக்கு வருவது இவ்விரண்டின் கலவை. வாங்குவோர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடமில்லை. புதுவைக்கு அது வேண்டுவதுமில்லை. மார்கழி இரவிலும் குளிர் 20 பாகைக்கு அருகிலேயே நின்றுவிடும் இவ்வூரில் பியூட்டேனும் தாராளமாகக் கொதிக்கும். உதகைக்குச் செல்வோர் மட்டும் ஒன்று அறிதல் நலம். கலவையில் புரோபேன் முந்திக்கொண்டு ஆவியாகும். அடியில் எஞ்சுவதில் பியூட்டேனே மிகுதி. தை மாத விடியற்காலையில் அங்கே உறைபனி விழும்போது, பாதிக்குமேல் செலவான கலம் மங்கலாக எரிவது இதனாலேயே. உடனே நம்மவர் அதனைப் படுக்கவைப்பர், அல்லது வெந்நீர் அண்டாவில் இறக்குவர். படுக்கவைத்த கலத்தினின்று ஆவிக்குப் பதிலாகத் திரவமே அடுப்பிற்கு ஓடிவரக்கூடும். வெந்நீரோ அழுத்தத்தை வரைமுறையின்றி ஏற்றிவிடும். வெயில் ஏறும்வரை காப்பிக்குக் காத்திருப்பதே மேல்.

எனவே நாம் தேர்வது வாயுவையன்று, கலத்தையே. வீட்டுச் சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. வளைவுதோறும் உருண்டு இருக்கையில் மோதும் சுமை அது. அன்றியும் அது வீட்டுச் சமையலுக்கென்றே அளிக்கப்படுவது. வேறு உபயோகத்திற்குத் திருப்புவதை 2000-ஆம் ஆண்டு அரசாங்க ஆணை தடுக்கின்றது. இதற்கு மாறாக 5 கிலோ கலம் ஒன்று, அடையாளச் சீட்டு மாத்திரம் காட்டிப் பெறத்தக்கதாய், 2013 முதல் விற்பனைக்கு வந்துள்ளது. ஒற்றையடுப்பு மணிக்கு 200 கிராமுக்குமேல் எரிப்பதில்லை என்று கொண்டால், அது 25 மணி நேரம் எரியும். நான்கு நாள் யாத்திரைக்கு இது போதாதா? கிலோக்கணக்கில் விலை அதிகம் என்பர்; மெய்தான். வேன் வாடகையோடு ஒப்பிட்டால் அவ்வித்தியாசம் எம்மாத்திரம்! ஐம்பதுபேருக்குச் சமைக்கும் பெருங்கூட்டத்தார், வியாபாரத்திற்குரிய 19 கிலோ கலத்தை வேறொரு சாமான் வண்டியில் நிமிர்த்திக் கட்டிக் கொண்டுசெல்லட்டும்.

கலம் சிறிதாயினும், அடுப்பை வண்டிக்குள் மூட்டலாகாது. இவ்வாயு காற்றினும் கனமானது. புரோபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலெழுந்து சன்னல்வழியே போகாது, இருக்கைகளின் அடியில் குளம்போலத் தேங்கும். எச்சரிக்கைக்காகத் துர்நாற்றமுள்ள பொருளைக் கலந்துதான் அனுப்புகின்றனர். தூங்குகிறவனுக்கு அந்நாற்றத்தால் என்ன பயன்? 2023 ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியற்காலையில், மதுரை இரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியொன்று தீப்பற்றி, லக்னோவிலிருந்து புறப்பட்டு வந்த யாத்திரிகருள் 9 பேர் மாண்டனர். தடையை மீறி உள்ளே கொண்டுவந்த வாயுச் சிலிண்டரே காரணமென்று இரயில்வே அதிகாரிகள் அறிவித்தனர். இரயிலில் சிலிண்டர் ஏற்றலாகாது என்பது பலரும் அறிந்த விதி. சாலையில் ஓடும் வேனுக்குள், நம் பெண்டிரும் பிள்ளைகளும் உறங்கும் இடத்தில், அதே வாயு சாதுவாகிவிடுமோ?

கலத்தை நிமிர்த்திக் கட்டுக. ஓடும்போது வால்வை மூடி மூடியையும் இடுக. மரநிழலில் வண்டியை நிறுத்தி, வெளியே தரையில் வைத்துச் சமைத்திடுக. குழாயின் இணைப்பில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். சென்ற கோடை விடுமுறையில் மார்க்கெட்டை அடுத்த ஒரு கடையில் அடுப்பு வாங்க வந்த ஒருவர், கம்பிப்பின்னல் உள்ள குழாயை விலக்கிவிட்டு, “மூன்று நாளைக்குத்தானே, சாதாரண ரப்பரே போதும்” என்றார். கடைக்காரர் மறுமொழி சொல்லாமல் அடுப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவர் வியாபாரத்திற் சமர்த்தர் அல்லர் என்று அருகிலிருந்தோர் நகைத்தனர். நான் அன்று வாங்கவேண்டிய குழாயை அவரிடமே வாங்கினேன்.