படிப்பா குற்றவாளி?

"படிப்பு ஏற ஏற வேலையில் மனம் ஒட்டாது" என்று கூறுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். மேலதிகாரிகளும் முதலாளிமாரும் இதனைக் கூறுவதில் வியப்பில்லை. ஆசிரியர் சிலரும் தலையசைக்கின்றனர் என்பதே வேதனைக்குரியது. இக்கூற்றை நாம் மறுக்கின்றோம்.

எம்மிடம் கற்றுப் பின்னர்ப் பட்டமும் பெற்ற இளைஞர் ஒருவர், ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து அரச அலுவலகமொன்றிற் சேர்ந்தார். அங்கே முதலில் அவருக்கு மேசை இல்லை. மேசை கிடைத்தபோது வேலை இல்லை. வரவுப் பதிவேட்டிற் கையொப்பமிடுவதே நாள் முழுவதற்குமான பணி. ஓராண்டு கழிந்ததும் அவரைச் 'சோம்பேறி' என்றனர். அச்சோம்பலை அவர் பல்கலைக்கழகத்திலா கற்றார்? அலுவலகமன்றோ கற்பித்தது!

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பேர்க்கும் அவருடைய துணையாய்வாளர்களும் ஏறத்தாழ 200 பொறியியலாளரையும் கணக்காளரையும் வினவி, 1959 இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். ஊதியமும் வேலைச் சூழலும் குன்றினால் மனக்குறை பிறக்கும். ஆனால் ஊக்கம் பிறப்பது சாதனையாலும் பொறுப்பாலும் வேலையின் தன்மையாலுமே என்றனர். கல்வி மனிதனை இவற்றை எதிர்பார்க்கச் செய்கின்றது. அவ்வெதிர்பார்ப்பைக் குற்றமென்பது எவ்வகையில் நியாயம்?

இலங்கையில் இளைஞர் கிளர்ச்சி வெடித்த 1971 இலேயே, டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கற்றோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழில்களுக்கும் இடையிலான பிளவைச் சுட்டிக்காட்டியது. அப்பிளவு இன்னும் மூடப்படவில்லை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற யாழ்ப்பாணப் பழமொழியைக் காட்டி நம்மை மடக்க முயல்வோர் உளர். அப்பழமொழியைப் பிறப்பித்தது யார்? எழுதுவினைஞனுக்கு ஓய்வூதியமும் மதிப்பும் அளித்து, வயலில் உழைப்பவனுக்குக் கடனை மட்டும் விட்டுவைத்த சமுதாயமே.

நமக்கும் இதிற் பங்குண்டு. வேலையைச் செய்யக் கற்பதற்கும் வேலையைப் பெறக் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை 1976 இல் ரொனால்ட் டோர் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பரீட்சைக்காக மட்டும் கற்பிக்கும் நாம், இரண்டாவதையே வளர்த்து வந்துள்ளோம்.

1945 இல் வந்த இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. அக்கதவைக் குறுக்குவதற்கு 'ஊக்கமின்மை' என்ற சாட்டை எவரும் கொண்டுவர விடலாகாது. கற்றவனுக்குப் பொறுப்புள்ள வேலையையும், கையால் உழைப்பவனுக்கு மதிப்புள்ள ஊதியத்தையும் கொடுத்துப் பாருங்கள். அதன் பின்னரும் ஊக்கம் பிறவாதாயின், அப்போது படிப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம்.