கேமராவுக்கு எதற்கு வீட்டுச் சாவி?

செல்போனில் குடும்பப் படம் இருக்கிறது. வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணையும் அதில்தான் தட்டுகிறோம். இவற்றுக்குக் காவல் யார்?

'கெர்னல்' என்ற புரோகிராம்தான்!

போன் விளம்பரங்களில் 'ரேம்' என்று போடுகிறார்களே, அது ஒரு சில்லு. ஓடுகிற புரோகிராம்கள் எல்லாம் அதில்தான் தங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் அங்கே அறை ஒதுக்குவது கெர்னலின் வேலை.

இதில் கெர்னல் ஒரு தந்திரம் செய்கிறது. எந்தப் புரோகிராமுக்கும் அறையின் உண்மையான விலாசத்தைக் கொடுக்காது. போலி விலாசம்தான் கொடுக்கும். உண்மை விலாசப் பட்டியலைத் தன்னிடமே வைத்துக் கொள்ளும். ஆகவே, விளையாட்டுப் புரோகிராம் வங்கிப் புரோகிராமின் அறைக்குள் நுழைய முடியாது.

காவல் தவறியது

2012 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. சாம்சங் கம்பெனியின் 'கேலக்சி எஸ் 3', 'நோட் 2' முதலிய போன்களில், 'எக்சினோஸ்' சில்லு வைத்தவற்றில் ஓர் ஓட்டை இருந்தது. கேமரா போன்ற வேலைகளுக்காகக் கெர்னலில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த வழி ரேம் முழுவதையும் திறந்து விட்டது. எந்தப் புரோகிராமும் அதில் போகலாம். படிக்கலாம். மாற்றியும் எழுதலாம். காவல்காரனான கெர்னலின் அறையும் தப்பவில்லை!

2013 ஜனவரியில் கம்பெனி திருத்தம் அனுப்பி அடைக்கத் தொடங்கியது.

ஒரு அறை போதும்

"கேமராவுக்கு ரேம் வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். அதற்கு ஓர் அறை கொடுத்தால் போதும். தண்ணீர்க் குடம் கொண்டு வருகிறவருக்குக் கொல்லைக் கதவைத் திறந்து விடுவோம். நகைப் பெட்டிச் சாவியையும் கொடுப்போமா?

ஆண்டிராய்டு போன்களில் இருப்பது 'லினக்ஸ்' கெர்னல். அதில் ரேமைத் திறந்து காட்டும் பழைய வாசல் ஒன்று உண்டு. அதற்கு 2008-லேயே பூட்டு தயாராகி விட்டது. வாசலுக்குப் பூட்டு வந்த பிறகு, சுவரில் வேறு வழி வைத்தது தவறு. வேலை சுலபமாக முடியும் என்பதற்காக ஊரார் ரகசியத்தைத் திறந்து வைக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை.

ஓட்டை தெரிந்தால் உடனே அடைக்க வேண்டும். பழைய போன் வைத்திருப்பவர்களுக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும். அவர்களும் காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள்?

நம் வேலையும் ஒன்று உண்டு. போனில் 'அப்டேட்' என்று வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் போனுக்கும் பிள்ளைகள் போட்டுக் கொடுங்கள்.