லேப்டாப் மெதுவா எழுந்தால் பழி யார் மேல்?

2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் நல்லது என்று கேட்டால், ‘சிஸ்டம்டி இல்லாததைப் போடுங்க’ என்று உடனே பதில் வரும். கணினி எழும்போது மற்ற சேவைகளை எழுப்பிவிடும் நிரல் அது. 2014-இல் டெபியன் அதற்கு மாற முடிவெடுத்தபோது, பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவானை ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எழுப்புவது யார் என்பதைவிட, எதையெல்லாம் எழுப்புகிறது என்பதைத்தான் பார்க்கணும். வீட்டில் பிரிண்டரே இருக்காது. அச்சுச் சேவையான கப்ஸ் தினமும் எழுந்து உட்கார்ந்திருக்கும். வாய்ட் லினக்ஸில் வேலை ரன்இட்டுடையது. சேவைக்கான இணைப்பை அதற்குரிய கோப்புறையில் வைத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். இந்த எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் சிஸ்டம்டியிலும் ‘சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் கப்ஸ்’ என்ற ஒரே வரி போதுமே!

ஓஎஸ்ஸை மாத்துறதுக்கு முன்னால் ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ அடிச்சுப் பாருங்க. எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். நெட்வொர்க்மேனேஜர் மேலே இருந்தாலும் கை வைக்காதீங்க, வைஃபை போயிடும்.