பேட்டரி 'குட்டி யானை' லாபமா? நஷ்டமா? தினமும் ஓடுற கிலோ மீட்டர்தான் முடிவு செய்யும்

காஞ்சீபுரம்:

'நாள் முழுக்க ஓட்டியும் பெட்ரோல் போட்டே காசு காலி' என்பது லோடு வண்டி டிரைவர்களின் தினசரி புலம்பல். சொந்த வண்டி என்றால் மாசம் பிறந்ததும் பைனான்ஸ் டியூ வேறு கழுத்தை பிடிக்கிறது. பேட்டரி வண்டிக்கு மாறினால் தப்பிக்கலாமா?

விலையை கேட்டால் முதலில் தலை சுற்றும். டாடா நிறுவனம் 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 'ஏஸ் புரோ' வண்டியை இறக்கியபோது பெட்ரோல் வண்டியின் ஷோரூம் விலை ரூ.3.99 லட்சம். அதே வண்டி பேட்டரியில் ரூ.6.50 லட்சம். இரண்டும் ஏற்றுவது 750 கிலோதான். வித்தியாசம் ரூ.2½ லட்சம்.

2025 செப்டம்பர் 22-ந்தேதி சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆக குறைந்தது. பேட்டரி வண்டிக்கு 2019-ல் இருந்தே 5 சதவீதம்தான். அதனால் அந்த சலுகை பெட்ரோல், டீசல் வண்டிக்கே போனது.

கணக்கு இதுதான்

தினமும் 80 கி.மீ. ஓடுகிற வண்டியை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ., 2025-ல் சென்னையில் விற்ற மாதிரி பெட்ரோல் ரூ.101 என்று வைத்தால் ஒரு நாள் செலவு ரூ.540.

ஏஸ் புரோ பேட்டரி வண்டி ஒரு சார்ஜில் 155 கி.மீ. ஓடும் என்கிறது கம்பெனி. லோடு, டிராபிக் எல்லாம் சேர்த்து 110 கி.மீ. என்றே வைப்போம். பேட்டரி நிரம்ப சுமார் 16 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 80 கி.மீட்டருக்கு ரூ.120-க்குள் முடிந்து விடும்.

ஒரு நாளைக்கு மிச்சம் ரூ.420. வருஷம் 300 நாள் ஓடினால் ரூ.1 லட்சத்து 26 ஆயிரம். இரண்டே வருஷத்தில் 2½ லட்சம் திரும்பி விடும். கடன் வட்டியை சேர்த்தால் இன்னும் சில மாதம்.

அதே வண்டி தினமும் 30 கி.மீ. மட்டும் ஓடினால் மிச்சம் ரூ.160 கூட வராது. போட்ட காசை எடுக்க 5 வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரியும் பழசாகி விடும். விற்க போனால் 'பேட்டரி எப்படி இருக்கு' என்றுதான் முதல் கேள்வி வரும்.

சார்ஜ் எங்கே?

வீட்டிலோ, குடோனிலோ ராத்திரி சார்ஜ் போட இடம் இருப்பவருக்குத்தான் மேலே சொன்ன லாபம். தெருவில் வண்டியை நிறுத்துகிறவர் வெளி ஸ்டேஷனை நம்ப வேண்டும். அங்கே யூனிட் 20 ரூபாய் ஆனால் தினசரி மிச்சம் ரூ.300 ஆக இறங்கி விடும்.

தூரமும் முக்கியம். காஞ்சீபுரத்தில் இருந்து கோயம்பேடு மார்க்கெட் சுமார் 70 கி.மீ. போக வர 140. நடுவில் ஒரு தடவை சார்ஜ் போட்டே ஆக வேண்டும். காய்கறி லோடோடு காத்து நின்றால் கடை திறக்கும் நேரம் தவறும், வாடகையும் குறையும். 750 கிலோவுக்கு மேல் ஏற்றினால் சார்ஜ் இன்னும் வேகமாக இறங்கும்.

ஹைபிரிட் உண்டா?

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் வண்டியை இந்த சின்ன லோடு வண்டி வரிசையில் 2025 வரை யாரும் இறக்கவில்லை. இருப்பது கியாசிலும் பெட்ரோலிலும் ஓடும் 'பை-பியூல்' ரகம். ஏஸ் புரோவில் அதன் அறிமுக விலை ரூ.4.99 லட்சம். கியாஸ் தீர்ந்தால் கைகொடுக்க 5 லிட்டர் பெட்ரோல் டேங்க் உண்டு. வெளியூர் லோடு அடிப்பவர்களுக்கு இது நடுவழி.

ஊருக்குள்ளேயே சுற்றி சுற்றி டெலிவரி, தண்ணீர் கேன், பால் என தினமும் 70, 80 கி.மீ. ஓடுபவருக்கு பேட்டரி வண்டி கைகொடுக்கும். என்ஜின் ஆயில், கிளட்ச் செலவும் இல்லை. வாடகை வந்தால்தான் வண்டி எடுப்பவருக்கு அது கூடுதல் கடன்.

ஷோரூம் போகும் முன்பு ஒரு மாதம் ஓடிய கிலோ மீட்டரை நோட்டில் எழுதி பார்ப்பது நல்லது. பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கி.மீ. என்பதை வாய் வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்க வேண்டும். டியூ கட்டப்போவது டிரைவர்தான், சேல்ஸ்மேன் இல்லை.