ஓம் மட்டும் பார்த்து ஆம்ப் வாங்கலாமா?

நல்ல ஹெட்ஃபோன் வாங்கியவருக்கு அடுத்த கவலை ஆம்ப்ளிஃபையர். "300 ஓமா? அப்ப பெரிய ஆம்ப் இல்லாம பாடாதே" என்று யாராவது பயமுறுத்திவிடுவார்கள். சேர்த்து வைத்த காசு கரைந்துவிடும். இந்த ஓம் கணக்கு பாதிதான் உண்மை.

2003-ல் வந்த சென்ஹைசர் எச்.டி.650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 300 ஓம்தான். ஆனால் 1 வோல்ட் கொடுத்தாலே 103 டெசிபல் சத்தம் வரும். அதிக நேரம் கேட்டால் காதுக்கு ஆபத்து! செலவாவதோ 3 மில்லிவாட் சொச்சம். ஹைஃபைமேன் எச்.இ.6 வெறும் 50 ஓம். செல்போனிலேயே வெளுத்துக்கட்ட வேண்டுமே? கட்டாது. அதன் சென்சிடிவிட்டி 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். அதே சத்தத்துக்குக் கிட்டத்தட்ட 90 மில்லிவாட் கேட்கும். இதை ஸ்பீக்கர் ஆம்பில் மாட்டிக் கேட்பவர்கள்கூட உண்டு.

இன்னொன்று, ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ். ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. 32 ஓமுக்கு 4 ஓம். சில டியூப் ஆம்ப்களில் இது மிக அதிகம். எச்.டி.650-ல் பாஸ் கொஞ்சம் தூக்கலாகும்; சிலருக்கு அதுதான் பிடிக்கும் (ருசி அவரவர் இஷ்டம்). பல டிரைவர் உள்ள இயர்போனில் மாட்டினால் பாட்டே வேறு மாதிரி கேட்கலாம்.

எச்.டி.650 வைத்திருப்பவர் முதலில் இருக்கிற லேப்டாப்பிலேயே மாட்டிப் பார்க்கட்டும். முக்கால் வால்யூமில் சத்தம் போதுமானதாக இருந்து, இரைச்சலும் இல்லையென்றால் ஆம்ப் காசு பையிலேயே இருக்கட்டும். எச்.இ.6 மேல் ஆசை வைத்தவர்தான் ஆம்புக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும்.