தேர்வுக்கு வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்!



முக்கோணவியல் பாடம் ஆரம்பித்ததிலிருந்து நம் வகுப்பில் ஒரே பேச்சு, சயின்டிபிக் கால்குலேட்டர் வாங்கணுமா வேண்டாமா என்பதுதான். சிலர் வீட்டில் அடம் பிடிக்கிறார்கள். சிலர் "அது நமக்கு எதுக்குடி?" என்கிறார்கள். இதில் என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் கணக்குத் தாளுக்குக் கால்குலேட்டர் கொண்டு போக அனுமதி இல்லை. அதனால் "பரீட்சைக்கு வேணும்" என்று வீட்டில் கேட்பது சரியில்லை. சாதாரண மாடலே சில நூறு ரூபாய். எங்கள் வீட்டில் அது அம்மாவின் இரண்டு நாள் கூலி. பெரிய மாடல் என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

அட்டவணை பார்த்து கணக்கு போடுவதில் வெட்கமும் இல்லை. 1614-ல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். 1972-ல் ஹெச்பி-35 என்ற கையடக்க சயின்டிபிக் கால்குலேட்டர் வரும் வரை பெரிய பெரிய இன்ஜினியர்களே மடக்கை அட்டவணையும் ஸ்லைடு ரூலும் வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். நம் அட்டவணையில் டேன் 35 டிகிரிக்கு 0.7002 என்று இருக்கிறது. 20 மீட்டர் தள்ளி நின்று தென்னை உச்சியை 35 டிகிரி கோணத்தில் பார்த்தால், நம் கண் மட்டத்துக்கு மேல் மரம் சுமார் 14 மீட்டர். இதற்கு மிஷின் எதற்கு?

அப்படியென்றால் கால்குலேட்டரே வேண்டாமா? அங்கேதான் எனக்கு வேறு கருத்து.

நம் பள்ளியிலிருந்து பத்தாவது முடித்து நிறைய பேர் பாலிடெக்னிக் போகிறார்கள். அங்கே தேர்விலேயே கால்குலேட்டர் உண்டு. எங்கள் தெரு அக்கா ஒருவர் அங்கே சேர்ந்த பிறகுதான் அதை முதன்முதலாகக் கையில் தொட்டார். டவுன் பிள்ளைகள் டக்கு டக்கென்று போட்டுவிட, இவருக்கு மட்டும் விடை தப்புத் தப்பாக வந்ததாம். கணக்கு தெரியாமல் இல்லை. பட்டன் தெரியவில்லை, அவ்வளவுதான். கணக்கில் 90-க்கு மேல் வாங்கிய அக்கா, "எனக்கு மேத்ஸ் வராது போல" என்று அழுதாராம். இது நியாயமா?

தெரிந்துகொள்ள வேண்டியது ரொம்ப இல்லை. நான் அந்த அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டவை இவை:

1. திரையில் சின்னதாக D, R, G என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். நமக்கு D, அதாவது டிகிரி வேண்டும். சைன் 30 போட்டால் 0.5 வரணும். ரேடியனில் இருந்தால் -0.988 என்று வரும். அப்போது மோடு பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும்.

2. மளிகைக் கடை கால்குலேட்டரில் 2+3×4 என்று அழுத்தினால் 20 காட்டும். சயின்டிபிக்கில் 14 காட்டும். 14-தான் சரி. பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு.

3. மைனஸ் 3-ஐ வர்க்கம் செய்ய அடைப்புக்குறி போட வேண்டும். போட்டால் 9, போடாவிட்டால் -9.

4. பை பட்டனை அழுத்தினால் புத்தக விடை அப்படியே வராது. ஆரம் 7, உயரம் 10 உள்ள உருளையின் கன அளவு 22/7 வைத்தால் 1540. பட்டனில் 1539.38. மிஷினும் தப்பில்லை, புத்தகமும் தப்பில்லை. 22/7 என்பதே பையின் தோராய மதிப்புதான்.

பிற்காலத்தில் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. பட்டன் அதிகமானால் மார்க் அதிகமாகாது! கேசியோ எஃப்எக்ஸ்-82 எம்எஸ் போன்ற இரண்டு வரித் திரை உள்ளது போதும். மேலே நாம் அழுத்தியது, கீழே விடை. தப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். அணி, சமன்பாடு எல்லாம் போடும் எஃப்எக்ஸ்-991 வகை மேல்படிப்புக்குத்தான். எந்த மாடலுக்கு அனுமதி என்று சேரும் கல்லூரியில் கேட்ட பிறகு வாங்குங்கள். இப்பவே வாங்கிவிட்டு அங்கே செல்லாது என்றால் காசு போச்சு.

"மிஷின் கைக்கு வந்தால் வாய்ப்பாடு மறந்துபோகும்" என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். ஆகவே என் வேண்டுகோள் சின்னது. ஆளுக்கொன்று வாங்க வேண்டாம். பள்ளிக்கு ஐந்தே ஐந்து வாங்கி ஆசிரியர் மேசையில் வைக்கலாம். கையால் போட்டு முடித்த பிறகு, விடை சரிபார்க்க மட்டும், வாரத்தில் ஒரு பீரியட், குழுவுக்கு ஒன்று. பரீட்சை வந்தால் பீரோவில் பூட்டிவிடலாம்.

வாய்ப்பாடும் நமக்கு வேண்டும், பட்டனும் தெரிய வேண்டும். நம் பள்ளிப் பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தாலும் முதல் நாளே தலைகுனியக் கூடாது. ஆசிரியர்கள் தயவுசெய்து யோசிக்கவும். தோழிகளே, உங்கள் கருத்தையும் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி